கனூட்டேயின் ஜெர்சியும் நம் பிள்ளையின் கேள்வியும்



சில வாரங்களுக்கு முன்னர், ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் பெரியவர்கள் சிலர் நின்றிருந்த வேளையில், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன் ஐரோப்பியக் கால்பந்து அணி ஒன்றின் ஜெர்சியை அணிந்தவனாய் வெளியே வந்தான். ஜெர்சியின் நெஞ்சுப் பகுதியில் பந்தய நிறுவனமொன்றின் பெயர் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருந்தது. அந்தப் பெயர் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. அவன் வாங்கியது அணியின் நிறத்துக்காக மட்டுமே. பெரியவர் ஒருவர் அவனைத் தனியே அழைத்து, கடிந்துகொள்ளாமல், ஒரு வரலாற்றைச் சொன்னார். ஸ்பெயினில் ஃபிரெடெரிக் கனூட்டே என்றொரு முஸ்லிம் வீரர் இருந்தார். சூதாட்ட நிறுவனத்தின் பெயர் பொறித்த ஜெர்சியை அணிய மறுத்தார். அணி நிர்வாகம் பணிந்து அவருக்குப் பெயரில்லாத ஜெர்சியைக் கொடுத்தது. சுற்றி நின்றவர்கள் மாஷா அல்லாஹ் என்றோம். இதே செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனையோ முறை வலம் வந்ததுதான். நாமும் ஒருமுறை அதை அனுப்பி வைத்தவர்களே.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை வெள்ளை ஜிப்பாவில் வந்தான். தொழுது முடித்ததும் பெரியவரிடம் சென்று கைப்பேசியை நீட்டினான். செவில்லா அணியின் வெள்ளை ஜெர்சியில் கனூட்டே. நெஞ்சில் அந்தச் சூதாட்ட நிறுவனத்தின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"மாமா, நீங்க சொன்னது இவரைத்தானே?"

கேலியாக அவன் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான். பெரியவரிடம் விடை இல்லை. அருகில் நின்ற எங்களிடமும் இல்லை. அந்தப் படம் பொய்யன்று. நாம் சொன்ன செய்தியும் முழுப் பொய்யன்று. இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேசப்படுவது ஸ்பெயினின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான லா லிகாவின் 2006-07 பருவம். ரியல் மாட்ரிட், பார்சிலோனா என்ற இரு பெரும் அணிகளின் நிழலில்தான் அத்தொடரின் மற்ற அணிகள் அனைத்தும் வாழ்கின்றன. தென் ஸ்பெயினின் செவில்லா அணி லீக் பட்டத்தை வென்றதே ஒரே ஒரு முறைதான், அதுவும் 1945-46இல். அத்தகைய அணி 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் யூஇஎஃப்ஏ கோப்பையை வென்று, ஆகஸ்டில் ஐரோப்பிய சூப்பர் கோப்பைக்கான ஆட்டத்தில் பார்சிலோனாவை 3-0 என்று வீழ்த்தித் தலைநிமிர்ந்து நின்றது. இரு இறுதி ஆட்டங்களிலும் கோல் அடித்தவர்களுள் ஒருவர் கனூட்டே. பிரான்ஸின் லியோன் நகரத்தை அடுத்துப் பிறந்து, தந்தையின் நாடான மாலிக்காக விளையாடியவர். 2005இல் இங்கிலாந்திலிருந்து செவில்லாவுக்கு வந்தவர்.

வெற்றி வந்த இடத்தைத் தேடி விளம்பரப் பணமும் வந்தது. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் இணையவழிச் சூதாட்ட நிறுவனமொன்று செவில்லாவின் ஜெர்சியில் தன் பெயரைப் பொறிக்கும் உரிமையைப் பெற்றது. இஸ்லாம் சூதாட்டத்தைத் தடுக்கிறது என்று கூறி, அந்தப் பெயரைச் சுமக்கத் தமக்கு விருப்பமில்லை என்பதைக் கனூட்டே தெரிவித்தார். தொடக்கத்தில் நிர்வாகம் அவருக்குப் பெயரற்ற ஜெர்சியை அனுமதித்தது. இந்த இடத்தில் நம் வாட்ஸ்அப் செய்தி முடிந்துவிடுகிறது. பருவம் அங்கே முடியவில்லை. பின்னர் அவரும் மற்ற வீரர்களைப் போலவே நிறுவனத்தின் பெயர் பொறித்த ஜெர்சியில் களமிறங்கினார். அந்த ஆண்டின் புகைப்படங்கள் அதற்குச் சாட்சி. பிள்ளை காட்டிய படமும் அவற்றுள் ஒன்று.

அதே பருவத்தில் நடந்த இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றில் தன் ஜெர்சியில் எந்த நிறுவனத்தின் பெயருக்கும் இடம் தராதிருந்த பார்சிலோனா அணி, 2006 செப்டம்பரில் யுனிசெஃப் அமைப்பின் பெயரைப் பொறித்துக்கொண்டது. பணம் வாங்கிக்கொண்டு அன்று, ஆண்டுக்கு 15 லட்சம் யூரோவைத் தான் கொடுத்து. (பிற்காலத்தில் அதே அணி அதே இடத்தைப் பெருந்தொகைக்கு விற்றது வேறு கதை.) ஆக, வீரனின் நெஞ்சு எதைச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி ஒரே ஆண்டில், ஒரே தொடரில், இரு அணிகளில் இருவேறு விதமாக விடை பெற்றது. விடை சொல்லும் அதிகாரம் இரண்டிலும் நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது, வீரனின் கையில் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கனூட்டேயை எடைபோட வேண்டும்.

சரி, அந்தப் பருவத்தில் அவர் என்ன செய்தார்? செப்டம்பர் இறுதியில் ரமளான் பிறந்தது. நோன்பு ஒரு முஸ்லிமின் வலிமையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்று வெளிப்படையாகப் பேசியவர் அவர். லீக் ஆட்டங்களில் மட்டும் அவர் அடித்த கோல்கள் 21. அதிக கோல் அடித்தவர்களின் வரிசையில் 25 கோலுடன் முதலிடத்தில் இருந்தவர் ரியல் மாட்ரிட்டின் வான் நிஸ்டல்ரூய். கனூட்டேயின் அதே எண்ணிக்கையில் நின்ற இன்னொருவர் பார்சிலோனாவின் ரொனால்டினியோ. மே 16இல் கிளாஸ்கோ நகரில் நடந்த யூஇஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் எஸ்பான்யோல் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கோல் அடித்தார். ஆட்டம் 2-2 என்று சமனாகி, பெனால்டி உதைகளில் செவில்லா மீண்டும் கோப்பையை வென்றது. ஜூன் 23இல் மாட்ரிட்டில் நடந்த மன்னர் கோப்பை இறுதி ஆட்டத்தில் கெடாஃபே அணியை வென்ற ஒரே கோலும் அவருடையதே.

லீக் பட்டம் மட்டும் கைநழுவியது. அந்தக் கடைசி வாரங்களைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் 9இல் பார்சிலோனாவின் வெற்றியை ஆட்டம் முடியும் தறுவாயில் எஸ்பான்யோலின் தமூடோ பறித்தார். ஏறத்தாழ அதே நொடிகளில் சரகோசாவில் வான் நிஸ்டல்ரூய் ரியல் மாட்ரிட்டைத் தோல்வியிலிருந்து மீட்டார். ஜூன் 17இல், இறுதி நாளில், மயோர்க்காவுக்கு எதிராகப் பின்தங்கியிருந்த ரியல் மாட்ரிட் 3-1 என்று வென்றது. அவற்றுள் இரண்டாவது கோல் மாலி நாட்டவரான மஹமது தியாராவுடையது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் தலா 76 புள்ளிகள். நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் கணக்கில் பட்டம் மாட்ரிட்டுக்குச் சென்றது. செவில்லா 71 புள்ளிகளுடன் மூன்றாமிடம். அந்த 2007ஆம் ஆண்டுக்கான ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது கனூட்டேக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பிறந்த ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருவோம். அவர் தோற்றுவிட்டாரா?

இருவகையினர் இதற்கு உடனே விடை சொல்லிவிடுவார்கள். ஒரு சாரார், உண்மையான ஈமான் உள்ளவர் என்றால் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறியிருக்க வேண்டும் என்பர். மறுசாரார், அது வெறும் துணிதானே, அவரா சூதாடினார், இதைப் பெரிதுபடுத்துவதே தேவையற்றது என்பர். முதல் கருத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்காக எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டிய நிலையில் இல்லாதவர்கள் என்பதை நாம் கவனித்திருக்கிறோம். இரண்டாவது கருத்தைச் சொல்பவர்களோ, அந்தத் துணியின் மீது பெயர் பொறிப்பதற்காக ஒரு நிறுவனம் ஏன் கோடிகளைக் கொட்டுகிறது என்பதைச் சிந்திப்பதில்லை. வெறும் துணியாக இருந்தால் அதற்கு விலை ஏது?

இது குறித்து மார்க்கத் தீர்ப்பு சொல்வது ஆலிம்களின் பணி. அதில் நாம் நுழையவில்லை. தீமையைக் கண்டவர் கையால் தடுக்கட்டும், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுக்கட்டும் என்ற பொருளில் முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். வீரர்களின் உடைமாற்றும் அறையில் வேறு எவருக்கும் தோன்றாத ஒரு மறுப்பை ஒருவர் நாவால் சொன்னார். அதனால் தமக்குச் சங்கடம் நேரும் என்றறிந்தே சொன்னார். அது சில காலம் பலித்தது, பிறகு பலிக்கவில்லை. பலிக்காமல் போனதனால் சொன்னது இல்லையென்றாகிவிடாது. அவர் பின்னர் அணிந்ததனால், அணிந்தது சிறப்பு என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது கடினம். ஆனால் வேலைக்குச் செல்லும் முஸ்லிமின் வாழ்வு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிகிறது.

நம் வீடுகளையே எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு விடுதியில் பரிமாறுபவராகச் சேர்ந்த தம்பி, மதுப்புட்டி வைத்த தட்டை ஏந்த நேர்கிறது. பல்பொருள் அங்காடியில் பில் போடும் மகளின் கையில் தடுக்கப்பட்ட பொருளும் வந்து விழுகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ மென்பொருள் எழுதும் மருமகனிடம், வாடிக்கையாளர் ஒரு பந்தயச் செயலி என்பதைத் திட்டம் பாதி முடிந்த பிறகே சொல்கிறார்கள். இவர்களில் சிலர் வேலையை விட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரிவானாக. விட முடியாதவர்கள் பலர். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது, ஒருமுறையாவது மேலாளரிடம் சென்று, "இந்தப் பணியை எனக்குத் தராமல் வேறு பணி தர இயலுமா?" என்று கேட்டீர்களா என்பதே. கேட்டவர்களில் எதிர்பாராத விதமாக அனுமதி கிடைத்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லா மதுபான நிறுவனத்தின் சின்னம் இல்லாத ஆடையில் ஆண்டுக்கணக்கில் விளையாடியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவருடைய வாரியம் இசைந்தது. கனூட்டேயின் நிர்வாகம் முதலில் இசைந்தது, பிறகு நிலைமை மாறியது. இருவரும் கேட்டவர்கள் என்பதில் வேறுபாடில்லை.

கனூட்டேயின் கதையில் நம் செய்திகள் போதிய இடம் தராத பகுதி ஒன்று உண்டு. செவில்லா நகரத்தின் அடையாளமாக இன்று உலகம் காணும் ஹிரால்டா கோபுரம், முவஹ்ஹிதூன்கள் ஆட்சியில் 1198இல் கட்டி முடிக்கப்பட்ட பள்ளிவாசலின் மினாரா. 1248இல் நகரம் கைமாறிய பின் அது தேவாலயத்தின் மணிக்கூண்டானது. இஷ்பீலியா என்று அரபு ஏடுகள் போற்றிய அந்நகரில், 2007இல் முஸ்லிம்கள் தொழுதுகொண்டிருந்ததோ ஒப்பந்தக் காலம் முடிந்து கைவிட்டுப் போகவிருந்த ஒரு சாதாரணக் கட்டடத்தில். அந்தலூஸை நினைத்துப் பெருமூச்சு விடுவதில் நாம் வல்லவர்கள். மினாராக்களின் படங்களைப் பகிர்வோம், கண்ணீர் ததும்பச் சொற்பொழிவு கேட்போம். கனூட்டே செய்தது வேறு. அந்த ஆண்டின் இறுதியில் ஐந்து லட்சம் யூரோவுக்கும் மேலான தொகையைத் தம் கையிலிருந்து கொடுத்து அந்தக் கட்டடத்தை வாங்கினார். அங்கே தொழுகை தொடர்ந்தது. மாலியில் ஆதரவற்ற சிறார்களுக்கென ஓர் இல்லக் கிராமத்தையும் அவருடைய அறக்கட்டளை உருவாக்கியது.

2009 ஜனவரியில், காஸாவின் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில், கோல் அடித்த கையோடு ஜெர்சியை உயர்த்தி உள்ளாடையில் எழுதப்பட்டிருந்த பாலஸ்தீன் என்ற சொல்லை அவர் காட்டியதும், அதற்காக 3,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கலாம். சூதாட்ட நிறுவனத்தின் பெயர் நெஞ்சில் இருப்பது அங்கே விதிப்படி சரி. ஒரு நாட்டின் பெயர் இருப்பது விதிமீறல். இதற்கு மேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்த விதியும் நிலைக்கவில்லை என்பதுதான் வியப்பு. 2006இல் ஒரு வீரரின் தனிப்பட்ட மதச் சங்கடம் என்று பார்க்கப்பட்ட விஷயத்தை, 2020 நவம்பரில் ஸ்பெயின் அரசே சட்டமாக்கியது. சூதாட்ட விளம்பரங்களுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்த அந்த அரசாணையின் விளைவாக, 2021-22 பருவம் முதல் லா லிகா அணிகளின் ஜெர்சிகளில் பந்தய நிறுவனங்களின் பெயர்கள் மறைந்தன. அரசு சொன்ன காரணம் மார்க்கமன்று, சிறார்களையும் இளைஞர்களையும் சூதாட்டத்திலிருந்து காப்பது. பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்காமலேயே, அவற்றின் கேடு பயனைவிடப் பெரிது என்று எடுத்துரைக்கிறது. மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் விலகியிருக்குமாறு கட்டளையிடுகிறது. அணிகளுக்குப் பணம் வந்தது உண்மை. அந்தப் பயனை யாரும் மறுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது கேடு பெரிதெனத் தெரிந்தது. நம் நாட்டிலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் 2025இல் இயற்றப்பட்டது. நம் இந்திய அணியின் ஆடையில் இருந்த அத்தகைய நிறுவனத்தின் பெயரும் அதோடு நீங்கியது. அதற்கு முன் எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அந்தச் செயலியில் அணி அமைத்து, பெற்றோரின் வங்கிக் கணக்கைக் கரைத்தார்கள் என்பதை அந்தந்த வீட்டார் அறிவர்.

ஆகவே உண்மையான கதை, நாம் அனுப்பிய கதையைவிட நீளமானது, சற்றுக் கசப்பானது, ஆனால் நம்பத் தகுந்தது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை ஹுஜுராத் அத்தியாயத்தில் இருக்கிறது. அதைப் பிறரைப் பற்றிய அவதூறுக்கு மட்டும் உரியதாக நாம் சுருக்கிவிட்டோம். நம்மவரைப் புகழும் செய்திக்கு அது பொருந்தாது என்று எண்ணுகிறோமோ? புகழ்ச்சியில் கலந்த பொய் இனிப்பாக இருக்கிறது, கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளை அதைக் கண்டுபிடிக்கும் வரை. கண்டுபிடித்த பிறகு அவன் கனூட்டேயை மட்டும் சந்தேகிப்பதில்லை. சொன்ன பெரியவரையும், பெரியவர் சொன்ன மற்றவற்றையும் சேர்த்தே சந்தேகிக்கத் தொடங்குகிறான். அந்தப் பிள்ளை கேட்டுவிட்டான். கேட்காமல் உள்ளுக்குள் முடிவு கட்டிக்கொள்ளும் பிள்ளைகளை எண்ணித்தான் நாம் அஞ்சுகிறோம்.

பெரியவர் பிறகு அவனை வீட்டுக்கு அழைத்து, மேலே சொன்ன அனைத்தையும் சொன்னார். தாம் பாதிக் கதையையே சொல்லியிருந்ததையும் ஒப்புக்கொண்டார். பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம டீம் ஜெர்சியில யார் பேரு போடப் போறாங்க மாமா?" என்றான்.

அந்தக் கேள்விதான் இப்போது எங்கள் ஊரில் நிற்கிறது. பெருநாளுக்குப் பின் நடக்கவிருக்கும் கால்பந்துப் போட்டிக்கு நம் இளைஞர் அணிக்கும் ஜெர்சி தேவை. நகைக்கடன் கொடுக்கும் நிறுவனமொன்று முழுச் செலவையும் ஏற்க முன்வந்திருக்கிறது, நெஞ்சில் தன் பெயர் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. வட்டித் தொழில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அணிச் செயலாளர் தயங்குகிறார். பந்து, வலை, நடுவர் ஊதியம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும் என்கிறார். அவர் சொல்வதில் பொய்யில்லை. இங்கே விடை சொல்லும் அதிகாரம் எந்த அயல்நாட்டு நிர்வாகத்திடமும் இல்லை, நம்மிடமே இருக்கிறது என்பது மட்டுமே கனூட்டேயின் நிலைக்கும் நம் நிலைக்கும் உள்ள வேறுபாடு.

நெஞ்சுப் பகுதியை வெறுமையாக விட்டு ஜெர்சி தைப்போம், செலவை வீட்டுக்குவீடு பகிர்ந்துகொள்வோம் என்பது நம் கருத்து. வரும் வியாழன் இஷாவுக்குப் பின் அணிக் கூட்டம். ஊரில் இருக்கும் சகோதரர்கள் வாருங்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் செயலாளரிடம் பேசுங்கள்.